இரண்டு மேசைகள், ஒரு கடனாளி: தெற்கு–தெற்கு ஒத்துழைப்பும் உலக உதவி ஆளுகையும்

1. கேள்வி

2023 அக்டோபரில் இலங்கை அரசு சீன எக்ஸிம் வங்கியுடன் ஏறத்தாழ 420 கோடி டாலர் கடனை மறுசீரமைப்பது குறித்து ஓர் இணக்கத்துக்கு வந்தது. அடுத்த மாதமே வேறொரு குழுவுடன் ஏறத்தாழ 590 கோடி டாலருக்கு இன்னோர் இணக்கம். இந்த இரண்டாவது குழுவுக்கு ஜப்பான், பிரான்ஸ், இந்தியா மூன்றும் கூட்டாகத் தலைமை தாங்கின. ஜப்பானும் பிரான்சும் பாரிஸ் கிளப் எனப்படும் பழைய கடன்கொடுப்போர் மன்றத்தின் உறுப்பினர்கள். இந்தியா அதில் உறுப்பினர் அல்ல. ஆனாலும் அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்தது. சீனா அந்த அறைக்குப் பார்வையாளராக மட்டுமே வந்தது. தன் கணக்கைத் தனியே பேசி முடித்தது.

சீனா, இந்தியா, இலங்கை மூன்றும் 1955இல் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் கூடிய 29 நாடுகளில் அடங்கியவை. அந்த மாநாட்டுக்கு அழைப்பு விடுத்த ஐந்து நாடுகளில் இலங்கையும் ஒன்று. வளர்முக நாடுகள் ஒன்றுக்கொன்று கைகொடுத்து, பணக்கார நாடுகளின் தயவிலிருந்து விடுபட வேண்டும் என்ற எண்ணத்துக்கு அங்கேதான் அரசியல் உருவம் கிடைத்தது. அந்த மூவரில் இருவர் கடன் கொடுத்தவர்களாகவும் ஒருவர் கடனாளியாகவும் 68 ஆண்டுகளுக்குப் பிறகு சந்தித்தபோது, இரு பெரியவர்களும் ஒரே மேசையில் அமரக்கூட உடன்படவில்லை.

உலக உதவியை ஆளும் விதிகளைத் தெற்கு–தெற்கு ஒத்துழைப்பு எந்த அளவுக்கு மாற்றியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதற்கு இரண்டு விடைகள் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. 2007இல் மொய்சஸ் நயிம், சீனா போன்ற புதிய கொடையாளர்களின் உதவியைப் போக்கிரித்தனமானது என்று எழுதினார். பிரம்ம செலானி 2017இல் அதைக் கடன்பொறி என்று வருணித்தார். எதிர்ப்பக்கத்தில் டெபோரா பிரவுட்டிகம், சீன உதவி குறித்த பல கதைகள் ஆதாரமற்றவை என்று ஆப்பிரிக்கக் களத்திலிருந்து காட்டினார். டெல்லியின் சச்சின் சதுர்வேதி, வணிகம், தொழில்நுட்பம், பயிற்சி, கடன், மானியம் ஐந்தும் சேர்ந்த இருதரப்பு நலனாகவே தெற்கின் உதவியைப் பார்க்க வேண்டும் என்கிறார். எம்மா மோட்ஸ்லி இன்னும் நுட்பமாக, வாங்கியவர் கொடுப்பவராகும்போது மதிப்பும் அதிகாரமும் எப்படிக் கைமாறுகின்றன என்று ஆராய்ந்தார்.

இவர்கள் எல்லாரும் பெரும்பாலும் கொடுப்பவரைத்தான் பார்க்கிறார்கள். கொடுப்பவர் நல்லவரா கெட்டவரா, பழையவரா புதியவரா என்றே விவாதம் சுழல்கிறது. பெறுபவரின் இடத்திலிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. வடக்கின் விதிகளைத் தெற்கு மறுத்தது நியாயம். ஆனால் அந்த இடத்தில், பெறும் நாடு தனக்குச் சாதகமாக எடுத்துக்காட்டக்கூடிய எந்த விதியையும் அது வைக்கவில்லை. அந்த வெற்றிடத்துக்கு விலை கொடுப்பவை சிறிய நாடுகள்.

2. அளவுகோல் யாருடையது?

எது உதவி என்பதை 1969இல் வரையறுத்தது பணக்கார நாடுகளின் கழகமான ஓஈசிடிக்குள் இயங்கும் வளர்ச்சி உதவிக் குழு. வளர்ச்சிக்காக அரசு கொடுப்பதாகவும், குறைந்தது 25 விழுக்காடு மானியக்கூறு உடையதாகவும் இருப்பதே அதிகாரபூர்வ வளர்ச்சி உதவி என்று 1972இல் அது திருத்தமாகச் சொன்னது. கொடுப்பவர்கள் தங்களுக்குள் கூடி, தங்கள் கொடையைத் தாங்களே அளந்துகொள்ளும் ஏற்பாடு இது. பெறுபவருக்கு அதில் இருக்கை இல்லை.

அளவுகோலின் நேர்மையும் அவ்வளவு உறுதியானதல்ல. தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை உதவியாகத் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970இல் தீர்மானித்தது. 2023இல் அதை எட்டியவை நோர்வே, லக்ஸம்பர்க், சுவீடன், ஜெர்மனி, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் மட்டுமே. அதற்கு முந்தைய ஆண்டு இக்குழு நாடுகள் உதவி என்று காட்டிய தொகையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு, அகதிகளைப் பராமரிக்க அவை தம் சொந்த மண்ணிலேயே செலவிட்ட பணம். அகதிகளைக் காப்பது கடமைதான். அதை ஏழை நாட்டுக்குக் கொடுத்த கணக்கில் எழுதுவது வேறு. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களும் இதன்படி அளவிடுங்கள் என்றால் பிரேசிலும் இந்தியாவும் ஏன் கேட்க வேண்டும்?

தெற்கிடம் தனக்கென ஒரு மரபும் இருந்தது. இலங்கையிலிருந்தே தொடங்கலாம். கொரியப் போர்க்கால ஏற்றம் அடங்கி ரப்பர் விலை விழுந்தது, அரிசிக்குத் தட்டுப்பாடு. சீனாவுக்குப் போர்ப்பயன் உள்ள பொருள்களை விற்கக் கூடாது என்று 1951இல் ஐ.நா. தடை போட்டிருந்தது. இலங்கை அப்போது ஐ.நா.வில் உறுப்பினரே அல்ல. 1952 டிசம்பரில், பொதுவுடைமையை வெறுத்த டட்லி சேனநாயக்க அரசு, பெய்ஜிங்கோடு ஐந்தாண்டு உடன்படிக்கை செய்தது: ஆண்டுக்கு 50,000 தொன் ரப்பர் போகும், 2,70,000 தொன் அரிசி வரும். அமெரிக்கா தன் உதவியை நிறுத்திவைத்தது. சீனாவோடு அன்று தூதரக உறவுகூடக் கிடையாது. அது வர 1957 ஆயிற்று. சகோதரத்துவம், தோழமை என்ற பேச்செல்லாம் பின்னால் சேர்ந்தவை. அளவும் காலமும் ஊரறிய எழுதப்பட்ட பண்டமாற்று அது, அவ்வளவுதான். இரு பக்கமும் ஆதாயம் கண்டது.

பாண்டுங்குக்குப் பின் இந்த மரபு வேகமாக வளர்ந்தது. 1964 ஒரே ஆண்டில் மூன்று நிகழ்வுகள்: ஜனவரியில் ஆப்பிரிக்கப் பயணத்தின்போது சீனப் பிரதமர் சூ என்லாய் வெளிநாட்டு உதவிக்கான எட்டுக் கொள்கைகளை அறிவித்தார், ஜூனில் 77 நாடுகள் குழு உருவானது, செப்டம்பரில் இந்தியா தன் தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. உலக வங்கியும் மேற்கு நாடுகளும் கைவிரித்த பிறகு, தான்சானியாவையும் சாம்பியாவையும் இணைக்கும் 1,860 கிலோமீட்டர் ரயில்பாதையைச் சீனா வட்டியில்லாக் கடனில் கட்டிக்கொடுத்தது. ஐ.நா.வின் வர்த்தக வளர்ச்சி மாநாட்டுக்கு 1974 முதல் பத்தாண்டுகள் தலைமை வகித்தவர் இலங்கையின் காமனி கொரியா. 1976இல் அணிசேரா நாடுகளின் உச்சிமாநாடு கொழும்பில் கூடியது. அதைச் சீனா அன்பளித்த பண்டாரநாயக்க மண்டபத்திலேயே நடத்தினார்கள். 1978இல் புவெனஸ் அயர்ஸில் 138 நாடுகள் தமக்குள் தொழில்நுட்ப ஒத்துழைப்புக்கான செயல்திட்டத்தை ஏற்றன.

இந்த ஆவணங்கள் எல்லாவற்றிலும் இறைமை, சமத்துவம், உள்விவகாரத்தில் தலையிடாமை, நிபந்தனையின்மை, இருவருக்கும் நன்மை என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கணக்கு என்ற சொல் அரிதாகவே வருகிறது.

3. பூசானில் நடந்த பேரம்

புதிய நூற்றாண்டில் வடக்கு தன் உதவிமுறையைச் சீர்செய்ய முயன்றது. 2005 பாரிஸ் பிரகடனம், 2008 அக்ரா, 2011 இறுதியில் தென்கொரியாவின் பூசான் என்று மாநாடுகள் நடந்தன. பூசான் தேர்வுக்குப் பொருள் உண்டு: உதவி பெற்று வளர்ந்து, 2010இல் வளர்ச்சி உதவிக் குழுவில் உறுப்பினரான நாடு தென்கொரியா. இந்தியாவும் சீனாவும் பிரேசிலும் அதே வழியில் வர வேண்டும் என்பது அழைத்தவர்களின் ஆசை.

அவர்கள் வந்தார்கள், கையொப்பம் போல ஒன்றும் கிடைத்தது. ஆனால் இறுதி ஆவணத்தின் இரண்டாம் பத்தியிலேயே ஒரு விலக்கு நுழைந்தது: தெற்கு–தெற்கு ஒத்துழைப்பின் இயல்பும் பொறுப்புகளும் வேறு; பூசான் கொள்கைகள் அதற்கு விருப்பத்தின் பேரில் மட்டுமே பொருந்தும். அந்த விலக்கு இல்லாமல் சீனா உடன்பட்டிருக்காது. பூசானில் பிறந்த உலகக் கூட்டாண்மையின் முதல் உயர்நிலைக் கூட்டம் 2014இல் மெக்சிகோவில் நடந்தபோது இந்தியாவும் சீனாவும் போகவேயில்லை. விதியெழுதும் இடம் ஐ.நா.தான், ஓஈசிடியின் நிழல் படிந்த மேடை அல்ல என்பது அவர்கள் வாதம்.

வாதம் சரி. ஆனால் ஐ.நா.வில் என்ன செய்தார்கள்? பொருளாதார சமூக மன்றத்தின் கீழ் 2007இல் வளர்ச்சி ஒத்துழைப்பு மன்றம் தொடங்கப்பட்டது. எல்லா நாடுகளுக்கும் இடமுண்டு, எதையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இல்லை. 2013இல் டெல்லியில் தெற்கின் கொடையாளர்கள் தனியே கூடினார்கள். பொது அளவுகோல் எதையும் வகுக்கவில்லை. வளர்ச்சி நிதி குறித்த 2015 அடிஸ் அபாபா ஆவணம், தெற்கின் ஒத்துழைப்பு வடக்கின் உதவிக்குத் துணையே தவிர மாற்றல்ல என்ற பழைய நிலையை மறுபடி எழுதியது. அதற்குக் காரணம் உண்டு. புதியவர்கள் வந்துவிட்டார்கள் என்று சொல்லிப் பழையவர்கள் நழுவிவிடுவார்கள் என்ற அச்சம் பொய்யல்ல. அமெரிக்கா தன் உதவி முகமையை 2025 ஜூலையோடு மூடியதைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

உருப்படியான முன்னேற்றம் ஒன்றே ஒன்று. 2022இல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம், தெற்கு நாடுகள் தாமே உருவாக்கிய அளவீட்டுச் சட்டகத்தை ஏற்றது. பணமாக எண்ணக்கூடியதையும், பயிற்சி, வல்லுநர் வருகை போலப் பணமாக எண்ணக் கடினமானதையும் அது தனித்தனியே பதிகிறது. பிரேசில் போலச் சில நாடுகள் முன்பே தம் கணக்கை வெளியிட்டு வந்தவை. ஆனால் இதுவும் விருப்பமுள்ளவருக்கு மட்டும். கொடுப்பவர் விரும்பாவிட்டால் பெறுபவர் கேட்க வழியில்லை.

4. ஒரு வீடு

இந்த மேடைப் பேச்சுகள் தரையில் என்னவாகின்றன என்று பார்க்க, போருக்குப் பின் இந்தியா இலங்கையில் கட்டித்தந்த வீடுகளை எடுத்துக்கொள்ளலாம். 2010இல் அறிவிக்கப்பட்ட 50,000 வீடுகள்; முழுக்க மானியம்; மதிப்பு 1,372 கோடி இந்திய ரூபாய். முதல் ஆயிரம் வீடுகள் ஒப்பந்த முறையில் எழுந்து 2012 நடுப்பகுதியில் முடிந்தன. அதே ஆண்டு காந்தி பிறந்தநாளில் வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கான 45,000 வீடுகள் தொடங்கியபோது முறையே மாறிவிட்டது. கட்டுபவர் வீட்டுக்காரர்தான். புதிய வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய், திருத்த வேலைக்கு 2,50,000. ஐ.நா. குடியிருப்பு முகமை, செஞ்சிலுவைச் சங்கம் போன்றவை மேற்பார்வை பார்த்தன.

அத்திவாரம் போட்டால் ஒரு தவணை, சுவர் எழுந்தால் ஒரு தவணை, கூரைக்கு ஒன்று. வேலை அந்தக் கட்டத்தை எட்டியது என்று தொழில்நுட்ப அலுவலர் சான்று கொடுத்ததும், பணம் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு நேராக வந்தது. நடுவில் ஒப்பந்தக்காரர் இல்லை. இந்தியச் சீமெந்தையே வாங்க வேண்டும் என்ற கட்டும் இல்லை. இந்தியா தன் எக்ஸிம் வங்கி மூலம் தரும் கடன் வசதிகளில் பொதுவாக 75 விழுக்காடு பொருளும் சேவையும் இந்தியாவிலிருந்தே வர வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அதோடு ஒப்பிட்டால் இந்த மானியத்தின் தாராளம் புரியும். வன்னியில் இன்று நிற்கும் சுமார் 550 சதுர அடி வீடுகள் பல, தெற்கின் உதவி எதைச் செய்ய முடியும் என்பதற்கு நல்ல சாட்சி.

ஆனால் அந்த வீட்டின் கணக்கு மானியத்தோடு முடிந்துவிடவில்லை. மீள்குடியேறிய ஊர்களில் எல்லாரும் ஒரே நேரத்தில் கட்டத் தொடங்க, மணலும் கல்லும் மேசன் கூலியும் ஏறின. கணவரை இழந்த பெண்கள் மரம் வாங்க அலைந்து, வேலையாள் தேடி, வேலையையும் நின்று பார்த்தார்கள். அடுத்த தவணை வரும்வரை வேலை நிற்கக் கூடாதென்று நகையை அடகு வைத்தவர்கள், கடன்பட்டவர்கள் பலர். போர் முடிந்த வேகத்தில் வடக்கில் கடை விரித்த நுண்கடன், லீசிங் நிறுவனங்களுக்கு இது நல்ல காலம். மானியத்தால் எழுந்த வீட்டுக்குள் கடனும் குடிவந்தது. இந்த இரண்டாம் கணக்கு எந்தத் தூதரக அறிக்கையிலும் வருவதில்லை.

யாருக்கு வீடு என்பதை முடிவு செய்தது யார்? தெற்கின் ஒத்துழைப்பு பெறுபவரின் கோரிக்கையின் பேரில் நடக்கிறது என்பது அதன் பெருமை. அரசு கேட்கும், நண்பன் கொடுப்பான். இங்கே கேட்டது கொழும்பு. வீடு இழந்தது முல்லைத்தீவு. 2009க்குப் பின் வடக்கில் எந்த உதவி அமைப்பும் ஜனாதிபதியின் சிறப்புச் செயலணியின் அனுமதி இல்லாமல் அசைய முடியாத நிலை. தலையிடாமை என்ற கொள்கை இரண்டு அரசுகளுக்கு இடையில் மரியாதை. தன் அரசோடு பிணக்குள்ள மக்களுக்கு அது பூட்டிய கதவு. பாண்டுங் வகுத்த சமத்துவம் அரசுகளின் சமத்துவம் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

மலையகத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 4,000 வீடுகள் முதலில், பிறகு 2017 மேயில் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகள். அங்கே மானியம் வருவதற்கு முன் நிலம் யாருடையது என்ற கேள்வி வருகிறது. லயன் அறையில் தலைமுறைகளாக இருப்பவருக்கு உறுதிப்பத்திரம் இல்லை. கொடை நாடு அதைக் கேட்டால் தலையீடு. கேட்காவிட்டால் வேலை நகராது.

5. கடன் வந்தபோது

மானியத்தை விட்டுக் கடனுக்கு வந்தால் வெற்றிடம் பெரிதாகிறது. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தின் முதற்கட்டத்துக்குச் சீன எக்ஸிம் வங்கி தந்த 30.7 கோடி டாலருக்கு வட்டி 6.3 விழுக்காடு. வளர்ச்சி உதவிக் குழுவின் கணக்கில் இது உதவியே ஆகாது. தெற்கின் கணக்கில்? அப்படி ஒரு கணக்கு இல்லாததால் இது நட்பின் அடையாளமாக மேடையேறியது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இது விலைக்கு வாங்கிய மாடு, பல்லைப் பார்த்திருக்க வேண்டும்.

அதற்காகக் கடன்பொறிக் கதையை ஏற்க வேண்டியதில்லை. 2017இல் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனபோது கிடைத்த ஏறத்தாழ 112 கோடி டாலரைக் கொண்டு அந்தக் கடன் அடைக்கப்படவில்லை. பணம் வெளிநாட்டுச் செலாவணிக் கையிருப்புக்குப் போயிற்று, கடன் திறைசேரியின் தலையில் அப்படியே நின்றது. உமேஷ் மொரமுதலியும் திலினா பண்டுவாவலவும் 2022இல் காட்டியபடி, பொது வெளிநாட்டுக் கடனில் சீனாவின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. அதைவிடப் பெரிய பாரம் சர்வதேசப் பிணைமுறிகள். அந்த வாசல் திறந்ததில் வடக்கின் விதிக்கும் பங்குண்டு: 1990களின் பிற்பகுதியில் இலங்கை கீழ்நடுத்தர வருமான நாடாக உயர, சலுகைக் கடன் சுருங்கியது. 2007இல் முதல் பிணைமுறி 50 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. ஏழை என்ற பட்டியலில் இருந்து பெயரை எடுத்ததற்குக் கிடைத்த பரிசு சந்தை வட்டி.

2022 ஏப்ரல் 12இல் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்தியது. அந்த ஆண்டில் எரிபொருள், மருந்து, நாணய மாற்று, தவணை ஒத்திவைப்பு எல்லாமாக ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது இந்தியா. எவரும் அசையாத நேரத்தில் அது உயிர்காத்த உதவி. இதை அரசியல் கணக்காக மட்டும் பார்ப்பது நியாயமல்ல. ஆனால் அதன் பின் நடந்ததைக் கவனிக்க வேண்டும். செப்டம்பர் 1ஆம் தேதி சர்வதேச நாணய நிதியத்துடன் அலுவலர் மட்ட உடன்பாடு. நிதியத்தின் சபை ஒப்புதல் வந்தது 2023 மார்ச் 20இல். இடையில் ஆறரை மாதம் போனதற்கு முக்கியக் காரணம், கடன் கொடுத்த அரசுகளின் உறுதிமொழிக் கடிதங்கள். இந்தியா ஜனவரியில் கொடுத்தது. சீன எக்ஸிம் வங்கி இரண்டாண்டு அவகாசம் மட்டும் தருவதாக எழுதியது போதாமல், மார்ச்சில் இன்னொரு கடிதம் வர வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பின் நடுவே, பெப்ரவரியில் மின்கட்டணம் 66 விழுக்காடு ஏறியது. உள்நாட்டுக் கடன் சீரமைப்பின் சுமை ஆடைத் தொழிற்சாலை, தோட்டத் தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியில் விழுந்தது.

இத்தகைய நிலைக்கு ஜி20 நாடுகள் 2020இல் வகுத்த பொதுச் சட்டகம் உண்டு. ஆனால் அது மிக ஏழை நாடுகளுக்கு. சாம்பியா அதன்கீழ் போனது, அங்கே சீனா பிரான்சோடு சேர்ந்து குழுவுக்குத் தலைமையே தாங்கியது. நடுத்தர வருமான இலங்கைக்கு அந்த வழி இல்லை. ஆகவே ஒரே சீனா சாம்பியாவுக்காக ஒரு மேசையில் அமர்ந்தது, கொழும்புக்காக வேறு மேசை போட்டது. விதி இல்லாத இடத்தில் வசதிதான் விதி.

சீனக் கடன் ஒப்பந்தங்கள் நூற்றை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, இரகசியம் காக்கும் நிபந்தனைகளும், கடனைப் பாரிஸ் கிளப் போன்ற கூட்டுச் சீரமைப்புக்குக் கொண்டுவரக் கூடாது என்ற நிபந்தனைகளும் அவற்றில் பரவலாக இருப்பதைக் காட்டியது. கூட்டாக நிற்பதே பாண்டுங்கின் சாரம் என்றால், கூட்டாகப் பேசாதே என்று கடனாளிக்கு எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தை என்னவென்பது?

6. பெறுவோரின் அணி

ஆக, வடக்கின் ஆளுகையைத் தெற்கு உடைத்திருக்கிறது என்பது உண்மை. பெறும் நாடுகளுக்கு இரண்டாவது, மூன்றாவது வாசல் கிடைத்திருப்பதும் உண்மை. பேரம் பேசத் தெரிந்த அரசுக்கு அது பலம். பேரத்தை மறைக்க விரும்பும் அரசுக்கும் அதுவே பலம். கொடுப்பவர்கள் எவ்வளவு கூடிப் பேசினாலும் இந்த முடிச்சு அவிழாது. அவர்களுக்கு அதில் அவசரம் இல்லை.

தெற்கு–தெற்கு ஒத்துழைப்பு என்ற பெயருக்கு மிகவும் தகுதியான, ஆனால் அதிகம் முயலப்படாத வடிவம் கடன் பெறுபவர்களுக்கிடையிலான ஒத்துழைப்பு. 1984இல் கார்த்தஹேனாவில் 11 லத்தீன் அமெரிக்க நாடுகள் அதற்கு முயன்றன. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியே சலுகை காட்டப்பட்டதில் அணி கலைந்தது. கடன் கொடுத்தவர்களின் பாரிஸ் கிளப் 1956 முதல் இயங்குகிறது. கடன் வாங்கியவர்களுக்கென ஒரு மேடை அமைக்க 2025இல் வளர்ச்சி நிதி குறித்த செவில்லா மாநாட்டில்தான் உடன்பாடு கண்டார்கள். அமெரிக்கா அந்த மாநாட்டுக்கே வரவில்லை; அதனால் மேடையின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

அந்த மேடையில் இலங்கை முன்வரிசையில் உட்கார வேண்டிய நாடு. அதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. பொது நிதியின் முழுக் கட்டுப்பாடும் நாடாளுமன்றத்துடையது என்கிறது அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை. 2016 முதல் தகவல் அறியும் சட்டம் இருக்கிறது. 2024 முதல் பொதுக்கடன் முகாமைத்துவச் சட்டமும் இருக்கிறது. டெல்லியோ பெய்ஜிங்கோ டோக்கியோவோ, எவரிடம் வாங்கிய கடனானாலும் அதன் ஒப்பந்தத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் நாடாளுமன்றத்தில் வைக்க எந்த வல்லரசின் அனுமதியும் வேண்டாம். கொழும்பு அதைச் செய்ய வேண்டும். செய்யும்படி கேட்க வேண்டியவர்கள் நாம்.